சர்வர் போய்விட்டது, மவுண்ட் மட்டும் போகமாட்டேன் என்கிறது: தொங்கிப்போன என்எஃப்எஸ் ஷேரைக் கழற்றுவது எப்படி

கோப்புகளின் பட்டியலைப் பார்க்க எல்எஸ் என்று தட்டுகிறீர்கள், ஒன்றும் வரவில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் பல சமயம் அதற்கும் அசைவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று இன்னொரு டெர்மினலைத் திறந்து டிஎஃப் போட்டுப் பார்க்கிறீர்கள், அதுவும் கிணற்றில் போட்ட கல். மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, மவுஸ் நகர்கிறது, பிரவுசர் வேலை செய்கிறது, நீங்கள் மட்டும் ஒவ்வொரு டெர்மினலாகப் பலி கொடுத்துக்கொண்டே போகிறீர்கள். எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டது, அதன் கோப்புறை என்எஃப்எஸ் மூலம், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புறையைப் பகிரும் முறையில், உங்கள் மெஷினில் மவுண்ட் ஆகியிருக்கிறது (உள்ளூர்க் கோப்புறைபோல இணைந்திருக்கிறது), அதைத் தொட்ட எல்லாமே தொங்குகிறது. சரி, அந்த ஷேரைக் கழற்றி எறியலாம் என்று யுமவுண்ட் போட்டால் அதுவும் தொங்கும், இல்லையென்றால் "டார்கெட் இஸ் பிஸி" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்.

லினக்ஸில் இதிலிருந்து வெளியே வரும் வழிதான் இந்தக் கட்டுரை. புதிதாக லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எல்லாமே சின்ன எழுத்துகள், பெரிய எழுத்து வருகிற இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு, சர்வரின் முகவரி 192.168.10.5 என்றும், அதன் ஷேர் நம் மெஷினில் /எம்என்டி/பொது என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கட்டளை பெயரில் ஒரு சின்ன வில்லங்கம்: அது அன்மவுண்ட் இல்லை, யுமவுண்ட். யு, எம், ஓ, யு, என், டி. முதல் யு-வுக்குப் பின்னால் வரவேண்டிய என் கிடையாது. யூனிக்ஸ்காரர்களின் பழைய சிக்கனம், பதற்றத்தில் இருக்கும்போது எல்லோரும் ஒருமுறையாவது தப்பாகத் தட்டுவார்கள்.

ஏன் தொங்குகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டளைகளை மட்டும் காப்பி அடித்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் பொறுமை.

என்எஃப்எஸ் 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. அப்போது சொந்த டிஸ்க்கே இல்லாத ஒர்க்ஸ்டேஷன்கள் இருந்தன, சிஸ்டம் கோப்புகள்கூட சர்வரிலிருந்துதான் வரும். சர்வர் ஒரு தடவை ரீபூட் ஆனதற்காக அதை நம்பியிருக்கிற அத்தனை மெஷின்களும் விழுந்துவிடக் கூடாது. அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது: கிளையன்ட் ஒரு கோரிக்கையை அனுப்பும், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர் எழுந்ததும் எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இதற்குப் பெயர் ஹார்டு மவுண்ட், லினக்ஸில் இன்றைக்கும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் நடக்கும். இலவு காத்த கிளியாவது காய் வெடித்துப் பஞ்சு பறந்ததும் ஏமாந்து கிளம்பிப் போய்விட்டது. ஹார்டு மவுண்ட் கிளம்பவே கிளம்பாது.

டிமெஸ்ஜி என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சர்வர் பெயரோடு "நாட் ரெஸ்பான்டிங், ஸ்டில் ட்ரையிங்" என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்லியிருக்கும். சர்வர் திரும்பி வந்தால் அடுத்ததாக "ஓகே" என்று ஒரு வரி வரும். டிசிபி வழியாக மவுண்ட் செய்திருந்தால் ஒரு கோரிக்கைக்கு 60 நொடி காத்திருந்த பிறகுதான் மறுமுயற்சி, அதனால் இந்த வரி உடனே வராது, சில நிமிடம் ஆகும். (அந்த நேரத்தை அமைக்கும் ஆப்ஷனின் பெயர் டைமியோ. அதன் அலகு நொடி இல்லை, நொடியில் பத்தில் ஒரு பங்கு. 60 நொடிக்கு 600 என்று எழுத வேண்டும். 30 என்று எழுதிவிட்டு அரை நிமிடம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, உண்மையில் கிடைப்பது 3 நொடி.)

இப்படிக் காத்திருக்கிற புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்) ஒவ்வொன்றும், பிஎஸ் என்ற கட்டளை தரும் பட்டியலில் பெரிய டி (டிஸ்க் என்பதன் முதலெழுத்து) என்ற நிலையில் தெரியும். அதாவது, யார் எழுப்பினாலும் எழாத தூக்கம். லினக்ஸ் இந்தத் தூங்குமூஞ்சிகளையும் லோடு ஆவரேஜில் (மெஷினில் வேலைக்காக வரிசையில் நிற்கும் புராசஸ்களின் சராசரி) சேர்த்து எண்ணுகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஎஃப் ஓட்டி டிஸ்க் அளவைப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு யுபிஎஸ் கைவிட்டதில் சேமிப்பு சர்வர் அணைந்துவிட்டது, மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. திங்கள் காலை 9 மணிக்கு நான் வந்து பார்த்தபோது 35 மணி நேரம், மணிக்கு 12 வீதம், 420 டிஎஃப் புராசஸ்கள் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தன. லோடு ஆவரேஜ் 420-ஐத் தாண்டியிருந்தது, ஆனால் சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. முதல் அரை மணி நேரம் எந்த புரோகிராம் சிபியுவைத் தின்கிறது என்று தேடி வீணாக்கினேன். லோடு வானத்தில், சிபியு தரையில் என்று பார்த்தால் இனிமேல் முதல் சந்தேகம் தொங்கிப்போன மவுண்ட் மீது இருக்கட்டும்.

முதலில், எதையும் தொடாதீர்கள்

இதுதான் முழுக் கட்டுரையிலும் முக்கியமான விஷயம். சர்வர் செத்ததால் நீங்கள் தொங்குவதில்லை, அந்தப் பாதையைத் தொடுவதால்தான் தொங்குகிறீர்கள். அதனால் தொடாமல் பார்க்கும் வழிகளை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

டிஎஃப் வேண்டாம், அது மவுண்ட் ஆன எல்லா இடத்தையும் போய்க் கேட்கும். /எம்என்டி கோப்புறையில் எல்எஸ் -எல் வேண்டாம். பாதையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது டேப் அழுத்தவே அழுத்தாதீர்கள், மீதியை நிரப்புவதற்காக ஷெல் அந்தக் கோப்புறைக்குள் எட்டிப் பார்க்கும், அங்கேயே ஷெல் போச்சு. எல்எஸ்ஓஎஃப், எஃப்யூசர் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சொல்கிற இரண்டு கருவிகளும் சாதாரண நேரத்தில் அருமையானவை, இந்த நேரத்தில் அவையும் அந்த ஷேரைத் தொட்டுத் தாங்களும் தொங்கிப்போகக்கூடும்.

என்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்க இது போதும்:

க்ரெப் என்எஃப்எஸ் /ப்ராக்/மவுண்ட்ஸ்

இந்தப் பட்டியலைக் கெர்னல் தன் நினைவிலிருந்தே தருகிறது, சர்வரைக் கேட்பதில்லை, அதனால் தொங்காது. சர்வர் முகவரி, மவுண்ட் ஆன இடம், ஹார்டா சாஃப்டா (சில முயற்சிக்குப் பிறகு பிழை சொல்லிவிடுவது சாஃப்ட்), என்எஃப்எஸ் பதிப்பு 3-ஆ 4-ஆ எல்லாம் அந்த வரியில் இருக்கும். அதைக் காப்பி செய்து எங்காவது ஒட்டி வையுங்கள், பின்னால் மறுபடி மவுண்ட் செய்யும்போது வேண்டும்.

அடுத்தது, சர்வர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பது. பிங் மட்டும் போதாது, மெஷின் உயிரோடு இருந்து என்எஃப்எஸ் சேவை மட்டும் நின்றிருக்கலாம். 2049 என்ற போர்ட்டைத் தட்டிப் பாருங்கள்:

என்சி -இசட்வி -டபிள்யூ 3 192.168.10.5 2049

மூன்று நொடியில் பதில் தெரிந்துவிடும். பிங் வருகிறது, போர்ட் திறக்கவில்லை என்றால் சர்வரில் சேவையை மறுபடி தொடங்கினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இரண்டும் வரவில்லை என்றால் கேபிள், சுவிட்ச், ஃபயர்வால் விதி என்று வழியையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபயர்வாலில் யாரோ ஒரு விதியை மாற்றிவிட்டுப் போனதுகூட இதே அறிகுறியைத்தான் காட்டும்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். சர்வர் இன்னும் பத்து நிமிடத்தில், ஏன் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும் என்றால், பேசாமல் காத்திருப்பதுதான் நல்லது. எழுந்த உடனே எல்லாப் புராசஸ்களும் தானாக விடுபடும், எழுதிக்கொண்டிருந்த டேட்டாவும் போய்ச் சேரும். மாறாக, நீங்கள் வலுக்கட்டாயமாகக் கழற்றினால் இன்னும் சர்வருக்குப் போகாமல் உங்கள் மெஷினின் நினைவகத்தில் காத்திருக்கிற டேட்டா அத்தோடு போயிற்று. யாராவது அந்த ஷேரில் பாதி எழுதிய ஆவணத்தோடு உட்கார்ந்திருந்தால், அதை வேறு இடத்தில் சேமிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். சர்வர் வராது, அல்லது வேறு முகவரியில் வரப்போகிறது, அல்லது உங்கள் மெஷின் இப்போதே வேலை செய்தாக வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பிடித்துக்கொண்டிருப்பது யார்

பிஸி என்று சொன்னால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த யாரோ நீங்களேதான். /எம்என்டி/பொது உள்ளே நின்றுகொண்டே அதைக் கழற்றப் பார்க்கிறீர்கள், உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டுகிற மாதிரி. முதலில் சிடி / என்று வெளியே வாருங்கள். திறந்து வைத்து மறந்துபோன மற்ற டெர்மினல்களையும் பாருங்கள்.

அப்புறம், தூங்குகிறவர்களின் பட்டியல்:

பிஎஸ் -இஓ பிஐடி,ஸ்டாட்,டபிள்யூசான்,காம்

ஸ்டாட் நிரலில் பெரிய டி இருக்கிற வரிகளைக் கவனியுங்கள். டபிள்யூசான் என்பது கெர்னலுக்குள் எந்த இடத்தில் காத்திருக்கிறது என்று காட்டும், அதில் ஆர்பிசி என்றோ என்எஃப்எஸ் என்றோ தொடங்கும் பெயர் இருந்தால் நம் ஆள்தான். பிஎஸ் ஆக்ஸ் என்று பழக்கதோஷத்தில் தட்டாமல் இப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. முழுக் கட்டளை வரியைக் காட்டச் சொன்னால் பிஎஸ் அந்தந்தப் புராசஸின் நினைவகத்தை எட்டிப் பார்க்க வேண்டும், மோசமாகத் தொங்கியிருக்கிற புராசஸ் ஒன்றில் கைவைத்து பிஎஸ்ஸும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பெயரை மட்டும் கேட்டால் அந்த ஆபத்து குறைவு.

தூங்காமல், கோப்பை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க நான் பயன்படுத்துவது:

சூடோ ஃபைண்ட் /ப்ராக் -மேக்ஸ்டெப்த் 3 -எல்நேம் '/எம்என்டி/பொது*'

/ப்ராக் கோப்புறையில் ஒவ்வொரு புராசஸுக்கும் அதன் எண்ணில் ஒரு கோப்புறை இருக்கும். அது எந்த இடத்தில் நிற்கிறது, எந்தக் கோப்புகளைத் திறந்திருக்கிறது, எந்த நூலகக் கோப்பை நினைவகத்தில் ஏற்றியிருக்கிறது எல்லாம் அதற்குள் சிம்பாலிக் லிங்க்குகளாக இருக்கும். -எல்நேம் என்பது லிங்க்கில் எழுதியிருக்கிற பெயரை மட்டும் படித்துப் பார்க்கிறது, லிங்க் காட்டுகிற இடத்துக்குப் போவதில்லை, அதனால் சர்வர் பக்கமே திரும்பாமல் பட்டியல் கிடைத்துவிடும். நடுவில் இது இல்லை, அது இல்லை என்று சில பிழைச் செய்திகள் வரும், தேடும்போதே புராசஸ்கள் முடிந்துபோவதால் வருபவை அவை, கண்டுகொள்ள வேண்டாம். பாதையை மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். மறந்தால், அந்த நட்சத்திரத்தை விரிப்பதற்காக ஷெல் எட்டிப் பார்க்கிற இடம் /எம்என்டி, நாம் தவிர்க்க நினைக்கிற அக்கம்பக்கம்.

எந்தப் புராசஸும் அகப்படவில்லை, ஆனாலும் பிஸி என்கிறதா? ஷேருக்குள் இன்னொன்று மவுண்ட் ஆகியிருக்கலாம், ஷேரில் இருக்கிற டிஸ்க் இமேஜ் ஒன்றை யாராவது லூப் மவுண்ட் செய்திருக்கலாம். இதற்கு /ப்ராக்/மவுண்ட்ஸ் பட்டியலையே மறுபடி நிதானமாகப் படித்தால் போதும், உள்ளே இருப்பதை முதலில் கழற்றிவிட்டு வெளியே இருப்பதைக் கழற்றுங்கள். டாக்கர் போன்ற கண்டெய்னர்கள் இருந்தால் இன்னொரு சிக்கல்: கண்டெய்னருக்குத் தனி மவுண்ட் உலகம் உண்டு, நீங்கள் வெளியே கழற்றினாலும் அதற்குள் மவுண்ட் உயிரோடு இருக்கும். பொது என்ற சொல்லை /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ கோப்புகளில் க்ரெப் செய்து பார்த்தால் எந்தப் புராசஸின் உலகில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் அந்தக் கண்டெய்னரை நிறுத்துவதுதான் வழி.

கிடைத்த பட்டியலைக் கட்டாயம் குறித்து வையுங்கள். இது ஏன் என்று -எல் பற்றிப் பேசும்போது புரியும்.

கழற்றுவது

இப்போது பிடித்துக்கொண்டிருக்கிற புராசஸ்களை நிறுத்த வேண்டும். தூங்காமல் இருக்கிறவற்றை மரியாதையாக வெறும் கில் போட்டு நிறுத்துங்கள். டி நிலையில் இருப்பவற்றுக்கு:

சூடோ கில் -9 புராசஸ்-எண்

டி நிலையில் இருப்பதைக் கில் -9 போட்டும் கொல்ல முடியாது, ரீபூட்தான் ஒரே வழி என்று பல சீனியர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2008-ல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கிற புராசஸ் கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழுந்துகொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். இன்ட்ர் என்று ஒரு பழைய மவுண்ட் ஆப்ஷன் இதற்காகவே இருந்தது, அந்தப் பதிப்பிலிருந்து அதற்கு வேலையே இல்லை, இன்றைக்கும் சிலர் வேண்டுதல்போல எழுதிவைக்கிறார்கள். ஆனால் எல்லாப் புராசஸும் ஒரே தட்டில் சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சர்வருக்காக நேரடியாகக் காத்திருப்பது ஒன்றாகவும், அதன் பூட்டுக்காகக் காத்திருப்பவை இருபதாகவும் இருக்கலாம். முன்னால் நிற்கிறவர் நகர்ந்தால்தான் வரிசை நகரும், அதனால் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டுச் சில நொடி கழித்துப் பட்டியலை மறுபடி பாருங்கள்.

ஆட்கள் குறைந்ததும் வலுக்கட்டாயமாகக் கழற்றுங்கள்:

சூடோ யுமவுண்ட் -எஃப் /எம்என்டி/பொது

பாதையை முழுதாக, முதல் சாய்கோட்டிலிருந்து எழுதுங்கள். சிம்பாலிக் லிங்க் வழியாகப் போகாதீர்கள், /ப்ராக்/மவுண்ட்ஸில் இருந்தது எழுத்து மாறாமல் இருக்கட்டும். பாதையைச் சரிபார்க்கிறேன் என்று யுமவுண்ட்டே ஷேரைத் தொடப்போய்த் தொங்குவது இப்படித்தான் நடக்கும். அப்படியும் தொங்கினால் -சி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதையை ஆராயாதே, சொன்னதை அப்படியே கெர்னலிடம் கொடு என்று அதற்குப் பொருள்.

-எஃப் என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெயரைப் பார்த்து, பிஸியாக இருந்தாலும் பிடுங்கி எறியும் என்று நினைப்பார்கள். உண்மையில் அது அந்த சர்வருக்குப் போயிருக்கிற, பதில் வராத கோரிக்கைகளையெல்லாம் பிழை என்று சொல்லி முடித்துவைக்கிறது, அதன் பிறகு சாதாரணமாகக் கழற்றிப் பார்க்கிறது. அதனால் முதல் தடவை "பிஸி" என்றே பதில் வந்தாலும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தொங்கிக்கொண்டிருந்த சில புராசஸ்கள் பிழையை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும், அவை வெளியேற ஓரிரு நொடி ஆகும், சில அடுத்த கோரிக்கையை அனுப்பி மறுபடி தூங்கியிருக்கும். இரண்டு மூன்று தடவை, நடுவில் இடைவெளி விட்டுப் போடுங்கள். முதல் தடவை தோற்றதும் கைவிட்டுவிட்டு ரீபூட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மூன்றாவது தடவையில் எத்தனையோ முறை எனக்குக் கழன்றிருக்கிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் சோம்பேறிக் கழற்றல்:

சூடோ யுமவுண்ட் -எல் /எம்என்டி/பொது

இது எல் என்ற எழுத்து, ஒன்று என்ற எண் இல்லை. லேசி என்பதன் முதலெழுத்து. இது கோப்புறை மரத்திலிருந்து ஷேரை உடனே வெட்டிவிடும், மீதிச் சுத்தம் செய்வதை எல்லோரும் விட்ட பிறகு பார்த்துக்கொள்ளும். போட்ட மாத்திரத்தில் டிஎஃப் வேலை செய்யும், எல்எஸ் வேலை செய்யும், உலகமே சரியானதுபோல இருக்கும். இந்தச் சுகத்துக்காகவே பலர் முதல் கட்டளையாக இதைத்தான் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர்ப்பலகையைத்தான் கழற்றியிருக்கிறீர்கள், வீடு அப்படியே இருக்கிறது. முன்பே தொங்கியிருந்த புராசஸ்கள் இன்னும் தொங்குகின்றன, /ப்ராக்/மவுண்ட்ஸில் இப்போது வரியே இல்லாததால் யார் எதைப் பிடித்திருக்கிறார் என்று பாதையை வைத்துத் தேடுவது கஷ்டம். பட்டியலை முன்னாலேயே எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான், அதிலிருக்கிற எண்களை வைத்து மிச்சம் இருப்பவற்றைக் கில் -9 போட்டு முடியுங்கள்.

இன்னொரு தொல்லை. -எல் போட்டுவிட்டு, சர்வர் வந்ததும் அதே ஷேரை மறுபடி மவுண்ட் செய்தால் புதிய மவுண்ட்டும் தொங்குவதுண்டு. ஒரே சர்வர், ஒரே ஷேர் என்றால் கெர்னல் தனித்தனியாக வைத்துக்கொள்ளாது, பழைய பிணத்தோடு புதியதைக் கோத்துவிடும். நெட்வொர்க் ஷேருக்கு -எல் போட்டால் சீக்கிரத்தில் ஒரு ரீபூட்டை எதிர்பார்க்கலாம் என்று யுமவுண்ட்டின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. ரீபூட் செய்ய முடிகிற மெஷின் என்றால் தாராளமாகப் போடுங்கள், வருடக்கணக்கில் ஓட வேண்டிய மெஷின் என்றால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தந்திரம்

சர்வர் நிரந்தரமாகப் போய்விட்டது, -எஃப்பும் தொங்குகிறது என்ற நிலையில் செய்கிற வேலை இது. செத்த சர்வரின் முகவரியை உங்கள் மெஷினுக்கே தற்காலிகமாகக் கொடுத்துவிடுவது:

சூடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.10.5/32 டெவ் எல்ஓ

இதன் பிறகு சர்வருக்கு என்று கிளம்புகிற பாக்கெட் வெளியே போகாது, உங்கள் மெஷினுக்கே வரும். இங்கே 2049-ல் யாரும் இல்லாததால் உடனே மறுப்பு கிடைக்கும். பதிலே இல்லாத மவுனத்தை விட முகத்தில் அறைந்த கதவு மேல், பல சமயம் அதற்குப் பிறகு யுமவுண்ட் -எஃப் போனால் கழன்றுவிடும். வேலை முடிந்ததும் இதே கட்டளையில் ஆட் இருக்கிற இடத்தில் டெல் என்று மாற்றிப் போட்டு முகவரியை எடுத்துவிட வேண்டும். மறந்தீர்களோ, அதே முகவரியில் வேறு சர்வர் வந்தபிறகு எல்லா மெஷின்களுக்கும் ஷேர் கிடைக்கும், உங்களுக்கு மட்டும் கிடைக்காது, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாகிவிடும். உங்கள் மெஷினே என்எஃப்எஸ் சர்வராகவும் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், 2049-ல் ஆள் இருப்பதால் கணக்கு மாறிவிடும்.

எதுவும் நடக்கவில்லை, ரீபூட்தான் என்று முடிவு செய்தாலும் சாதாரண ரீபூட் அந்த ஷேரைக் கழற்றப் பார்த்து அங்கேயே நிற்கக்கூடும். சிங்க் கட்டளையும் அப்படித்தான், அது எல்லா மவுண்ட்டையும் எழுதி முடிக்கப் பார்க்கும். உள்ளூர் டிஸ்க்கை மட்டும் எழுத சிங்க் -எஃப் / என்று போடுங்கள், வேறு பார்ட்டிஷன்கள் இருந்தால் அவற்றுக்கும் தனித்தனியாக. பிறகு ரூட்டாக இருந்துகொண்டு /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் என்ற கோப்பில் எஸ், யு, பி (பூட் என்பதன் முதலெழுத்து) என்ற மூன்று எழுத்துகளை, ஒவ்வொன்றாக, நடுவில் சில நொடி விட்டு எக்கோ செய்தால் கெர்னல் யாரையும் கேட்காமல் எழுதி, டிஸ்க்குகளைப் படிக்க மட்டும் என்று மாற்றி, மெஷினை மறுதொடக்கம் செய்துவிடும். தொலைவில் இருக்கிற மெஷின் என்றால், அது எழுந்திருக்காவிட்டால் பவர் பட்டனை அழுத்த அங்கே யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்எஃப்எஸ் இல்லாமல் வேறு ஷேர் என்றால்

சாம்பா அல்லது விண்டோஸ் ஷேர் என்றால் இத்தனை பாடு இல்லை. அது இயல்பிலேயே சாஃப்ட், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிழை சொல்லிவிடும், -எஃப்பும் -எல்லும் அங்கேயும் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக மவுண்ட் செய்யும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்றால் ஃபியூசர்மவுண்ட் -யு -இசட் என்று போட்டுப் பாருங்கள். அது போதவில்லை என்றால் /சிஸ்/எஃப்எஸ்/ஃபியூஸ்/கனெக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிட்ட கோப்புறை இருக்கும், அதற்குள் அபார்ட் என்ற கோப்பில் 1 என்று எழுதினால் அந்த இணைப்பு அங்கேயே முறிந்துவிடும். என்எஃப்எஸ்ஸுக்கும் இப்படி ஒரு கோப்பு இருந்திருக்கலாமே என்று பல வருடம் நான் ஏங்கியிருக்கிறேன்.

அடுத்த தடவை வராமலிருக்க

சாஃப்ட் என்று மவுண்ட் செய்துவிட்டால் தொங்கவே தொங்காதே என்று தோன்றும். சில மறுமுயற்சிக்குப் பிறகு பிழை கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எழுதும்போது வந்த பிழையைச் சரியாகக் கவனிக்காத புரோகிராம்கள் ஏராளம், கோப்பு பாதியில் நின்றதை யாருக்கும் சொல்லாமல் அவை மேலே போய்விடும், சில மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் சேதம் தெரியும். படிக்க மட்டும் வைத்திருக்கிற ஷேர், மென்பொருள் நிறுவல் கோப்புகள், பயிற்சி வீடியோக்கள், இவற்றுக்கு சாஃப்ட் போடுங்கள். யாராவது எழுதுகிற ஷேருக்கு ஹார்டாகவே இருக்கட்டும்.

அதைவிட நல்லது, தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் ஆகும்படி செய்வது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் இருக்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியின் ஆப்ஷன்களோடு எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்பதையும், எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=600 என்பதையும் சேர்த்தால், யாராவது உள்ளே போகும்போது மவுண்ட் ஆகும், பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கழன்றுவிடும். இரவில் சர்வர் படுத்தாலும் அந்த நேரத்தில் பெரும்பாலான மெஷின்களில் மவுண்ட்டே இருக்காது. கூடவே நோஃபெயில் போட்டால் சர்வர் இல்லாத நேரத்தில் மெஷின் பூட் ஆகாமல் அடம்பிடிப்பதும் நிற்கும். ஷேரை ரூட்டுக்கு நேர்கீழே மவுண்ட் செய்யாதீர்கள். /பொது என்று இருந்தால் யாராவது எல்எஸ் -எல் / போட்டாலே தொங்கும், /எம்என்டி/பொது என்று ஒரு படி உள்ளே இருந்தால் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் ஸ்கிரிப்டில் இரண்டே மாற்றம் செய்தோம். டிஎஃப் என்று இருந்த இடத்தில் டிஎஃப் -எல், அது உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும்தான் பார்க்கும். ஷேர் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க டைம்அவுட் -எஸ் கில் 5 ஸ்டாட் /எம்என்டி/பொது, ஐந்து நொடியில் பதில் வராவிட்டால் ஸ்டாட்டைக் கொன்றுவிட்டு எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். யுபிஎஸ் பேட்டரியை மாற்றியது அதற்கும் ஒரு மாதம் கழித்து.